கூப்பிட்டால் வராத வெள்ளை நாய்

வண்டியில் நாய் ஏற்றப் போகிறவனுக்கு நாயைக் கண்டு பயம் இருக்கக் கூடாது. எனக்கு நாய், போலீஸ், மழை, டயர் பஞ்சர், வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கண்டால் பயம். ஆனாலும் போனேன். நான் ஓட்டுவது குட்டியானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன சரக்கு வண்டி. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்து இரும்புச் சாமான், அட்டைப்பெட்டி, சில நாள் வீடு மாறுகிறவர்களின் பீரோ கட்டில். வேலப்பன்சாவடியில் ஃப்ளாட்டில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் வீடு மாற்றிக் கொடுத்தேன். மதுரைப் பக்கத்துப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஜாதி நாய்களை வாங்கி வளர்த்துப் பாதியில் தெருவில் விடுகிறார்கள் இல்லையா, அவற்றைப் பிடித்து வேறு வீடு தேடிக் கொடுக்கிற ஒரு சின்னக் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. வீடு மாற்றிக் கொடுத்த நாளிலிருந்து, நாய் ஏற்ற வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவாள்.

அன்று கூப்பிட்டது நசரத்பேட்டை தாண்டி ஹைவே ஓரத்துக்கு. வழிகாட்டிப் பலகையின் இரும்புக் காலில் நைலான் கயிற்றால் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ராஜபாளையம் பெட்டை. வெள்ளை வெளேரென்று, மூக்கு மட்டும் ரோஸ் நிறம். லாரிகள் போகிற காற்றில் அதன் காது மடல் ஆடியது. நாய் மட்டும் ஆடாமல் நின்றது.

"பயப்படாதீங்கண்ணே, சாதுவா இருக்கு."

"சாதுவா கீறதுதாம்மா கடிக்கும்," என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே அதன் பக்கத்தில் உட்கார்ந்தவள், வயிற்றைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். மடி முழுக்கத் தளர்ந்து தொங்கியது. "எத்தன ஈத்து எடுத்தாய்ங்களோ, பாவிங்க. இனி குட்டி போடாதுன்னு கொண்டாந்து கட்டியிருக்காய்ங்க."

அவளுடைய கூட்டத்தார் நாய்களை வழக்கமாக விடுகிற இடத்தில் கூண்டு காலியில்லை. ரெண்டே நாள் அண்ணே, என்றாள். முடியாது என்று சொல்வதற்குக் கூடத் தைரியம் வேண்டும். நெமிலிச்சேரியில் என் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

என் வீடு என்பது ஒரு ரூம், ஒரு சமையலறை, முன்னால் வண்டி நிறுத்துகிற அளவுக்குக் காலி இடம். என் மனைவி கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். பிரசவம் பார்க்கப் போனவள். பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான், அவள் இன்னும் வரவில்லை. சண்டை ஒன்றுமில்லை. சண்டை என்று இருந்திருந்தால் சமாதானம் என்று ஒன்று வந்திருக்கும். போனில் சாப்பிட்டாயா என்று கேட்பாள், சாப்பிட்டேன் என்பேன், பேரன் அழுகிறான் என்று வைத்துவிடுவாள்.

இரண்டு நாள் என்றது நீண்டுகொண்டே போனது. நாய் என்னைக் கடிக்கவில்லை. ஆனால் என்னைச் சட்டை செய்யவும் இல்லை. வா என்றால் வராது. தட்டில் பால்சோறு பிசைந்து வைத்து, நாக்கைச் சொடுக்கி, விசிலடித்து, என்னென்னவோ பெயர் வைத்துக் கூப்பிட்டுப் பார்த்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முன்னால் போய் நின்றால் மட்டும் வாலை ஒரு தடவை ஆட்டும். சரி, இதற்கும் என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்துப் போர்ஷன் அக்காவிடம் சொன்னபோது, "பெரிய ஜாதி நாயாச்சே, குட்டியான ஓட்றவன்லாம் கூப்ட்டா வந்துருமா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளே வந்தபிறகு அது உறுத்தியது. நாய் விஷயத்துக்கு இவ்வளவு யோசிக்கிறவன் மனுஷனா என்றும் யோசித்தேன். என் யோசனைகள் அப்படித்தான், ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும்.

ஒரு நாள் காலையில் சரக்குக்குக் கிளம்பினேன். வண்டியைப் பின்னால் எடுத்தால் ரிவர்ஸ் ஹாரன் ஊருக்கே கேட்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து தெரு நாய்கள் எல்லாம் ஓடும். ஹாரன் பாடிக்கொண்டிருக்க நான் பின்னால் வந்தேன்.

"யோவ்! நிறுத்துய்யா! நாய் கீதுய்யா பின்னால! கண்ணு தெரியல உனுக்கு?"

பக்கத்து அக்கா கையிலிருந்த துடைப்பத்தால் வண்டியை அடித்தாள். இறங்கிப் பார்த்தேன். பின்சக்கரத்தை ஒட்டி அது படுத்திருந்தது. தூங்கிக்கொண்டிருந்தது. டயருக்கும் அதன் முதுகுக்கும் நடுவே என் கை நுழையாது. ஹாரன் இன்னும் பாடிக்கொண்டிருந்தது. நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். என் முட்டி அதன் மேல் பட்டதும் துள்ளி எழுந்து என்னைப் பார்த்து, யாரென்று தெரிந்ததும் வாலை ஆட்டியது.

அன்று சரக்கு எடுக்கவில்லை. பூந்தமல்லியில் ஒரு நாய் டாக்டரிடம் கொண்டுபோனேன். மதுரைப் பெண்ணும் வந்தாள். டாக்டர் அதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு, பின்னால் நின்று ஒரு எஃகுத் தட்டைக் கீழே போட்டார். நான் துள்ளினேன். நாய் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

"பொறவியிலேயே காது கேக்காது," என்றார் டாக்டர். "சுத்த வெள்ள, ரோஸ் மூக்கு, அதான் அசல்னு வாங்கறவங்க கேக்கறாங்க. அந்தக் கலர் மாறாம இருக்கணும்னு கூடப் பொறந்ததுங்களையே சேத்து விடறாங்க. அந்த வெள்ளையோட செவிடும் சேந்து வருது. குட்டியில தெரியாது. மத்த குட்டிங்க ஓடினா இதுவும் பின்னாலயே ஓடும். தனியா ஒரு வீட்டுக்குப் போனப்புறம்தான், கூப்பிட்டா வரல, திமிருன்னு அடிப்பாங்க."

அவர் அதன் முதுகு ரோமத்தை விலக்கிக் காட்டினார். பழைய கோடுகள் இருந்தன. நான் அடிக்கவில்லை. ஆனால் திமிர் என்ற சொல்லை நானும் மனசில் சொல்லியிருந்தேன்.

இதன் குட்டிகள் எங்கெங்கே இருக்கின்றனவோ என்ற எண்ணம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. அவற்றில் எத்தனைக்குக் காது கேட்காது, எந்தெந்த வீட்டில் கூப்பிட்டும் வராமல் அடி வாங்குகின்றன, எந்த வண்டியின் பின்னால் தூங்குகின்றன. திரும்பி வருகிற வழியில் கேட்டேன்.

"ஏம்மா, என் வண்டிக்கு எஃப்.சி. காட்டணும். பிரேக் புடிக்குதா, லைட் எரியுதான்னு பாத்துதான் ரோட்ல விடுவான். எனுக்கு லைசென்ஸ் ஓணும். எட்டாவதோட நின்னவன், அத்த வாங்க எவ்ளோ அலைஞ்சேன் தெரியுமா? ஒரு உசுர உண்டு பண்றவனுக்கு ஒண்ணுமே கெடையாதா?"

"இருக்குண்ணே. பதிவு பண்ணணும், இத்தன வயசுலதான் சேக்கணும், சொந்தத்துக்குள்ள சேக்கக் கூடாது, எல்லாம் பேப்பர்ல இருக்கு. மொட்டமாடியில வச்சுக் குட்டி எடுக்குறாய்ங்க, ஏறிப் பாக்கத்தான் ஆளில்ல."

வண்டி ஓட்டுகிறவனாகச் சொல்கிறேன், எஃப்.சி.க்காக ஆபீசில் நிற்கிற நாளெல்லாம் எனக்கு எரிச்சல்தான். ஆனால் பிரேக் இல்லாத வண்டி எனக்குப் பின்னால் வரவில்லை என்ற நம்பிக்கையில்தான் நான் ரோட்டில் போகிறேன். நாய் வளர்க்கிற தொழிலுக்கும் அப்படி ஒருவர் வந்து பார்த்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒழுங்காக வளர்க்கிறவனுக்கு அதில் ஒன்றும் போய்விடாது. இரண்டு நாயின் காதையும் சோதித்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும் என்று ஒருவன் கேட்டிருந்தாலே, இந்தப் பெட்டை ஒரு குட்டிகூடப் போட்டிருக்காது.

அதன்பிறகு பழகக் கற்றுக்கொண்டேன். சிமெண்டுத் தரையைக் காலால் ஓங்கி மிதித்தால் அதிர்வு தெரிந்து திரும்பும். திரும்பியதும் கையை நெஞ்சுப் பக்கம் இழுத்தால் வரும். எப்போதும் என் முகத்தையே பார்க்கும். நான் கவலைப்படுவது அதற்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நெற்றி சுருங்கினால் எழுந்து வந்து முட்டியில் தாடையை வைக்கும். பெயர் வைக்கவில்லை. கேட்காததற்குப் பெயர் எதற்கு?

டாக்டர் கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்லியிருந்தார். அந்தக் கூட்டத்தின் கட்டுப்பாடும் அதுதான். அது முடிந்தபிறகே வேறு வீட்டுக்குக் கொடுப்பார்கள். நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருக்குமா? எழுந்திருக்கிறபோது நான் எதிரில் இல்லாவிட்டால் என்ன நினைக்கும்? இப்படி ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம். அதற்குள் யாரோ அதன் படத்தை ஒரு வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார்கள்.

ஆவடிப் பக்கத்திலிருந்து ஒருவன் பைக்கில் வந்தான். மொட்டைமாடியில் நாய் வளர்த்துக் குட்டி விற்கிறவன். ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு நாயைச் சுற்றி ஒரு சுற்று வந்தான். அதன் உதட்டைத் தூக்கிப் பல் பார்த்தான். அது என் முகத்தையே பார்த்தது.

"சூப்பர் பீஸ் அண்ணாத்தே. நம்மாண்ட ஆண் கீது, இதே வெள்ள. ஒரே ஈத்து, அப்பால நானே வச்சி சோறு போட்றேன், ராணி மாரி."

"காது கேக்காதுப்பா அதுக்கு."

"காது கேக்கலன்னா இன்னா? வயிறு வேல செய்யுதுல்ல?"

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். கெட்டவன் மாதிரி இல்லை. கொஞ்ச நேரம் முன்னால் அவனே பையிலிருந்து பிஸ்கட் எடுத்து அதற்குக் கொடுத்திருந்தான்.

"குட்டிக்கும் கேக்காம போச்சுன்னா?"

"அதெல்லாம் வாங்கினு போறவன் பாத்துப்பான் நைனா. அவன் இன்னா குட்டிய பாடவா சொல்லப் போறான்?" சொல்லிவிட்டுச் சிரித்தான். பிறகு, "நீ தனியாதான கீற? வேலைக்குப் போனா இத்த யாரு பாப்பா? உன் கஷ்டத்துக்குத்தான் சொல்றேன்," என்றான்.

இல்லை, போ, என்று சொன்னேன். சரி, யோசி, மறுபடி வரேன் என்று கிளம்பினான். மறுபடி வரேன் என்றது போதும் எனக்கு. நான் லோடுக்குப் போயிருக்கும்போது வந்தால்? காலடிச் சத்தம் கேட்காத நாயை ஏற்றிக்கொண்டு போக எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த நாள் காலை முதல் வேலையாக டாக்டரிடம் கொண்டுபோய் விட்டேன். ஆபரேஷன் முடிகிறவரை வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். மயக்கம் தெளிகிறபோது உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணைத் திறந்து, என் முகம் எங்கே என்று தேடி, கிடைத்ததும் மறுபடி மூடிக்கொண்டது.

காயம் ஆறியபிறகு மதுரைப் பெண் போன் செய்தாள். பூந்தமல்லியில் தனி வீடு, சுற்றிலும் மதில், புருஷன் பெண்டாட்டி இருவரும் வீட்டிலிருந்தே வேலை. காது கேட்காது, குட்டி போடாது என்று தெரிந்தேதான் கேட்கிறார்கள்.

"இல்ல, நீங்களே வச்சுக்கிறதா இருந்தாலும் சரிண்ணே. எங்களுக்கு ஒண்ணுமில்ல."

அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாளெல்லாம் யோசித்தேன். காலையில் நான் பூட்டிவிட்டுப் போனால் பொழுது சாய்ந்துதான் திறக்கிறேன். அதுவரை அந்த ரூமில் அதற்குச் சத்தமும் இல்லை, முகமும் இல்லை. திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது அது கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கும். அது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் அது காலையிலிருந்து கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதும் தெரிந்தது. ஆவடிக்காரனுக்கு அதன் வயிறு வேண்டியிருந்தது. எனக்கு வேறொன்று வேண்டியிருந்தது. ரெண்டும் ஒன்றில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த எண்ணம் வந்துவிட்டது, போக மாட்டேன் என்றது.

நானே வண்டியில் கொண்டுபோய் விட்டேன். தரையை எப்படி மிதிப்பது, கையை எப்படி இழுப்பது, தூங்கும்போது திடுமென்று தொடாமல் முதலில் மூக்குக்கு நேரே கையைக் காட்டுவது என்று எல்லாம் சொன்னேன். அந்தம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சொன்னதையே திரும்பச் சொல்கிறேன் என்று எனக்கே தெரிந்தது, நிறுத்த முடியவில்லை. கிளம்பும்போது அது மதிலோரம் மோந்துகொண்டிருந்தது. முதுகு என் பக்கம். தரையை மிதிக்கவில்லை. வண்டியை எடுத்தேன்.

வீட்டில் பக்கத்து அக்கா, "இன்னாய்யா, ஊடு வெறிச்சோடிக் கீது?" என்றாள். ஆமாக்கா, என்றேன். அன்று போனில் மனைவியிடம் நாயைக் கொடுத்துவிட்டதைச் சொன்னேன். "நல்லதாப் போச்சு, ரூமெல்லாம் ரோமமா இருந்துருக்கும்," என்றாள். ஆமாம், நிறைய இருந்தது, என்றேன்.

சில வாரம் கழித்து, எஸ்டேட்டில் லோடு இறக்கக் காத்திருந்தபோது நாயை எடுத்துக்கொண்ட பூந்தமல்லி வீட்டு சார் வீடியோ காலில் வந்தார். "பாருங்கண்ணா உங்க ஆளை," என்று போனைத் திருப்பினார். ஃபேனுக்குக் கீழே, நான்கு காலையும் நீட்டிப் படுத்திருந்தது. உடம்பு பூசியிருந்தது. வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனேன். அதற்கு என் குரல் எது என்றே தெரியாது. தெரியாத ஒன்றை இனி போனில் எப்படிக் கொடுப்பது?

"எழுப்பட்டுமாண்ணா?"

"வோணாம் சார். தூங்கட்டும். போன அப்படியே கொஞ்ச நேரம் புடிங்க, போதும்."

அவர் பிடித்துக்கொண்டிருந்தார். வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். பின்னாலிருந்து கோடவுன்காரர், லோடு இறக்கப் போறியா இல்லியா என்று கத்தினார். இதோ வரேன் சார் என்றேன். போனை வைக்கவில்லை.