வீராசாமி இறக்காத காவடி

கியூர்பிப் போகும் மெட்ரோவில் நேற்று பக்கத்து இருக்கைக்காரர் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டே வந்தார். பயணிகளுக்கான விதிகளில் இதற்குத் தடை உண்டா என்று யோசித்தேன். இல்லை. இருந்தால் எனக்குத் தெரியாமல் போகாது. அந்தக் கற்பூர நெடி என்னை எங்கள் தீவின் சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டுகளுக்கு இழுத்துப் போய்விட்டது.

அப்போது நான் வக்குவாவில் அரசாங்க குமாஸ்தா. அலுவலகக் கிரிக்கெட் அணிக்குச் செயலாளரும்கூட. பந்தைப் பிடிக்கத் தெரியாதவன் கையில் விதிப் புத்தகத்தைக் கொடுத்துவிடுவது எந்த அலுவலகத்திலும் வழக்கம்தானே. எங்கள் வேகப்பந்து வீச்சாளன் வீராசாமி, ரோஸ் பெல் கரும்புக்காட்டுப் பக்கத்திலிருந்து வருபவன். அணித்தலைவர் எங்கள் மேலதிகாரியான ஆங்கிலேயர். பருவத்தின் முதல் நாளே அவர் சிரித்தபடி சொன்னார்: "உங்கள் ஆட்கள் நன்றாகத் தொடங்குவார்கள். முடித்துவைக்கத்தான் வேறு ஆள் தேவை."

வீரா பந்தை வாங்கிக்கொண்டு போனான். ஒருவனே அடுத்தடுத்து இரண்டு ஓவர் வீசக் கூடாது என்பது சட்டம். ஆகவே ஒருவனால் முடிந்ததெல்லாம், முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை ஒரு முனையை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருப்பது. அதைச் செய்தான். ஒவ்வொரு ஆட்டத்திலும் செய்தான்.

கடைசி ஆட்டம் கியூர்பிப்பில். அந்த ஊரில் மழை விருந்தாளியல்ல, வீட்டுக்காரர். ஈரப் பந்தின் தையல் வீராவின் விரலைக் கிழித்தது, தோளும் பிடித்துக்கொண்டது. தேநீர் இடைவேளையில் தைலம் தேய்த்தவன் நான்தான்.

"தோ ஃபூ! பைத்தியக்காரா, போதும், விடு" என்றேன். எங்களுக்குள் பேச்சு தீவின் க்ரியோல் மொழிதான், தமிழ் கோயிலுக்கு மட்டும்.

"அய்யோ மத்லோ, நண்பா, நீ கையால தேய். வாயால தேய்க்காதே."

மறுபடி களமிறங்கியதும் தலைவர் பந்துக்காகக் கை நீட்டினார். எதிரணியில் கடைசி ஜோடி. வீரா பந்தைக் கொடுக்கவில்லை. "காவடி, சார். நோ புட் டவுன்" என்றான்.

தலைவர் எல்லைக்கோட்டில் நின்ற என்னைக் கூப்பிட்டார். "காவடி என்றால் என்ன?"

தைப்பூசத்தன்று தோளேறிய காவடியைக் கோயில் சேரும்வரை இறக்குவதில்லை. அதையெல்லாம் தூறலில் நின்று விளக்க முடியுமா?

"அது ஒரு நடைமுறை, சார். நடுவில் கைமாற்ற அதில் இடமில்லை."

நடைமுறை என்ற சொல்லை எதிர்த்து நின்ற அதிகாரியை நான் பார்த்ததில்லை. நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

வீரா பந்தைக் கால்சட்டையில் துடைத்தான். வெள்ளைத் துணியில் ரத்தம் கோடு போட்டது. ஓடிவந்தான். பந்து தவறிப்போனது என்று எழுதினால் வாசகருக்குச் சோகச் சுவை கிட்டும். ஆனால் நடுக்குச்சி பறந்தது உண்மை. அவன் மெல்ல நடந்து போய்ப் பந்தை எடுத்து, குனிந்து, குச்சியடியில் இரு கைகளாலும் வைத்தான்.

"கோயில் வந்தாச்சி" என்றான். தமிழில்.

அதன்பின் எங்கள் அலுவலகத்தில், ஒரு வேலையைத் தொடங்கியவனே முடித்துக் கொடுத்தால் அதற்குப் பெயர் காவடி. "இது யார் காவடி?" என்று அந்த ஆங்கிலேயரே கேட்பார். பிறகு கொடி மாறியது, அவர் கப்பலேறினார். அணி கலைந்தது. வீராவும் போய்ச் சேர்ந்துவிட்டான்.

போன மாதம் பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். என் விண்ணப்பம் மேசை மேசையாக உலாப் போய்க்கொண்டிருந்தது. "இது யார் காவடி, அம்மா?" என்று மேசையிலிருந்த இளம்பெண்ணிடம் கேட்டேன்.

அந்தப் பெண் மிக மரியாதையாக நாட்காட்டியைப் புரட்டி, தைப்பூசம் என்றைக்கு என்று சொன்னாள்.