பத்தரை மணிக்கு என் மெயிலைப் படித்தவர்

எனக்குச் சந்தேகம் என்பது புதிதாக வந்த வியாதி இல்லை. பால்காரர் ஊற்றும்போது பாலைப் பார்க்க மாட்டேன், அவர் கையைப் பார்ப்பேன். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். அதனால் என் மெயிலை வேறு யாரோ படிக்கிறார்கள் என்று தெரிந்தபோது முதலில் எனக்கு ஒரு திருப்திதான் வந்தது. பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான் என்று. பயமும் கோபமும் அதற்குப் பிறகுதான் வந்தன.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் லேபில் எனக்கு வேலை. வீடு பொன்னேரியில். கல்யாணம் ஆன வருஷமே வீட்டுக்காரர் மஸ்கட்டுக்குப் போய்விட்டார். ஊருக்கு வெளியே, பாலைவனத்தில் ஒரு சைட்டில் எலக்ட்ரிகல் வேலை. படித்தது எலக்ட்ரிகல், பைத்தியம் மட்டும் கம்ப்யூட்டர் மேல்.

போவதற்கு முன்னால் அவர் செய்த ஏற்பாடுதான் இந்தக் கதைக்கெல்லாம் காரணம். அமெரிக்காவில் யாரோ சில புண்ணியவான்கள் யூனிக்ஸில் ஓடும் ஒரு பெரிய கம்ப்யூட்டர் மிஷினை ஊருக்குப் பொதுவாகத் திறந்து வைத்திருந்தார்கள். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் யார் வேண்டுமானாலும் ஒரு பெயர் வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம், மெயில் வைத்துக்கொள்ளலாம். படம் கிடையாது, கலர் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். மற்ற மெயில்கள் எல்லாம் பொன்னேரி டெலிபோன் லைனில் திறப்பதற்குள் நமக்கு நரை விழுந்துவிடும். இது மட்டும் தட்டியவுடன் வந்து நிற்கும். அவருடைய சைட் ஆபீஸிலும் மற்றதையெல்லாம் அடைத்து வைத்திருந்தார்களாம், இதற்கு மட்டும் வழி இருந்தது. எனவே எங்கள் இரண்டு பேருக்கும் அந்த ஒரே மிஷினில் ஆளுக்கொரு பெயர் வாங்கினார். பாஸ்வேர்டையும் அவரே போட்டுக் கொடுத்தார்.

ஸ்டேஷன் ரோட்டில் பாய் கடையில் என்னை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது இன்னும் காதில் இருக்கிறது.

"மெயில் பாக்க மூணு வழி கீது. மிஷினுக்குள்ள போயி அங்கியே படிக்கலாம். இல்லாட்டி நம்ம கம்ப்யூட்டருக்கு இஸ்துகினு வந்து படிக்கலாம். இல்லாட்டி வேற அட்ரஸுக்குத் தள்ளி உட்டுடலாம். உனக்கு மொத வழி போதும்."

"ஏன், மத்த ரெண்டும் எனக்கு வேணாமா?"

"உங்கிட்ட கம்ப்யூட்டர் கீதா? அப்புறம் இன்னாத்துக்கு?"

நியாயமான பேச்சுதான். நானும் விட்டுவிட்டேன்.

பாய் பழவேற்காட்டுக்காரர். முன்னால் ஜெராக்ஸும் எஸ்.டி.டி. பூத்தும், பின்னால் பிளைவுட் தடுப்பு வைத்து மூன்று கம்ப்யூட்டர். இடையிடையே நிலத் தரகும் பார்ப்பார். பெண்கள் உட்காரும் தடுப்புக்கு எதிரே அவருடைய மனைவி பூக்கட்டிக்கொண்டோ அரிசி பொறுக்கிக்கொண்டோ இருப்பார்கள். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பாதிப் பேர் தங்கள் பாஸ்வேர்டைப் பாயிடமே கொடுத்து வைத்திருப்பார்கள். வேலைக்குப் போகிற சனம், வெறும் பெட்டியைத் திறந்து பார்க்க எதற்கு நேரத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? காலையில் லைன் நன்றாக இருக்கும்போது பாய் ஒவ்வொருவருடையதையும் திறந்து பார்ப்பார். வந்திருந்தால் வீட்டுக்குப் போன் போட்டு, "உனுக்கு மெயில் வந்துகீது, வந்து பாத்துக்கோ" என்பார். நான் கொடுக்கவில்லை. யாருக்கும் எதையும் கொடுக்கிற ஆள் இல்லையே நான்.

தினமும் சாயங்காலம் கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும் நேராக அங்கே போவேன். படிக்காத மெயிலுக்கு முன்னால் இங்கிலீஷில் ஓர் 'என்' எழுத்து நிற்கும். படித்துவிட்டால் அது போய்விடும். கொஞ்ச நாளாக, நான் கண்ணாலேயே பார்க்காத மெயில்கள் 'என்' இல்லாமல் மொட்டையாக வந்து நின்றன. லைன் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வாராவாரம் பேசுவது போல வீட்டுக்காரர் போனில் வந்தார். நலம் விசாரிக்கவில்லை.

"காலீல பத்தரை மணிக்கு நீ எங்க இருப்ப?"

"லேப்லதான். வேற எங்க இருப்பேன்?"

"அப்ப அந்நேரத்துக்கு உன் மெயிலை யாரு படிக்கறாங்க?"

அந்த மிஷினில் ஃபிங்கர் என்று ஒரு கட்டளை உண்டு. அதைத் தட்டி யாருடைய பெயரைக் கொடுத்தாலும், அந்த ஆள் கடைசியாக எப்போது உள்ளே வந்தார், எப்போது மெயில் படித்தார் என்று சொல்லிவிடும். எல்லாரும் எல்லாரையும் பார்க்கலாம், மறைவு கிடையாது. அது காட்டுவது அமெரிக்க நேரம். அவர் அதை நம் ஊர் நேரத்துக்கு மாற்றிக் கணக்குப் போட்டிருக்கிறார். பத்தரை வருகிறது.

"ஒண்ணு, நீ டூட்டிக்குப் போறேன்னு சொல்லிகினு வேற எங்கியோ போற. இல்லாட்டி உன் பாஸ்வேர்டு எவங்கிட்டயோ கீது. எதுன்னு எனக்குத் தெரியணும். இந்த மாசத்துக்குள்ள பதில் வரல, வேலையை உட்டுட்டுத் திருவள்ளூர்ல எங்கம்மா ஊட்டுக்குப் போயி இரு."

ரிசீவரைத் தடாலென்று வைத்தேன். கோபம். அந்த லேபில் பியூரெட் குழாயைத் திருகி ஒவ்வொரு சொட்டாக விடும்போது, நிறம் மாறுகிற அந்த ஒரு சொட்டில் கையை நிறுத்த எத்தனை பாடுபட்டுக் கற்றுக்கொண்டேன். நான் கையெழுத்துப் போட்டால்தான் டேங்கர் வெளியே போகும். அதை விட்டுவிட்டு மாமியார் வீட்டில் போய் உட்கார வேண்டும், அதுவும் எவனோ என் மெயிலைப் படித்ததற்காக.

ஆளைப் பிடித்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

அடுத்த வாரம் முழுவதும் நானே என் பெயருக்கு ஃபிங்கர் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். நானும் விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். சனிக்கிழமை பத்தரை வாக்கில், திங்கட்கிழமை பத்தரை வாக்கில், வியாழக்கிழமையும் அப்படியே. வெள்ளிக்கிழமை மட்டும் இல்லை. அன்று சாயங்காலம் நான் போய்ப் பார்த்தபோது எல்லா மெயிலும் 'என்' எழுத்தோடு அப்படியே இருந்தன.

வெள்ளிக்கிழமை பாய் காலையில் கடை திறக்க மாட்டார். தொழுகை முடிந்து, சாப்பிட்டு, மூன்று மணிக்கு மேல்தான் ஷட்டர் ஏறும்.

பாய்தான், வேறு யார்? ஊர் பாஸ்வேர்டெல்லாம் கையில் வைத்திருக்கிற மனுஷன். நான் கொடுக்காவிட்டால் என்ன, நான் தட்டும்போது பின்னால் நின்று பார்த்திருக்க மாட்டாரா? அன்றிலிருந்து அவர் சிரித்தாலும் சந்தேகம், சிரிக்காவிட்டாலும் சந்தேகம். அவர் மனைவி, "தங்கச்சி, டீ குடிக்கிறியா?" என்று கேட்டால், இவர்களுக்கும் தெரியும் போலிருக்கிறது என்று தோன்றும்.

சும்மா போய்க் கேட்டால் ஒத்துக்கொள்வாரா? எனவே ஒரு பொறி வைத்தேன். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்தில் என்னை யாருக்கும் தெரியாத ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். இல்லாத ஒரு தோழியின் பெயரில் புது மெயில் ஒன்று திறந்தேன். அதிலிருந்து எனக்கு நானே, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, ஒரு கடிதம் போட்டேன். 'நீ கேட்ட மாதிரியே திருநின்றவூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கார்னர் பிளாட் பார்த்து வைத்திருக்கிறேன். உன் பேரிலேயே முடித்துவிடலாம். வீட்டில் யாருக்கும் மூச்சு விடாதே.' நிலத் தரகர் கண்ணில் கார்னர் மனை பட்டால் வாய் சும்மா இருக்குமா? திருநின்றவூர் என்று யார் வாயிலிருந்து வருகிறதோ, அவர்தான் திருடர்.

மறுநாள் சாயங்காலம் போனேன். கடிதம் வந்திருந்தது. 'என்' இல்லை. எழுந்து வெளியே வரும்போது பாய் ஜெராக்ஸ் மிஷினில் பேப்பர் வைத்தபடியே சொன்னார்:

"இன்னாமா, மனை கினை வாங்கறதா இருந்தா நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லு. வெளியே எங்கியும் போயி ஏமாந்துடாதே."

அவர் திருநின்றவூர் என்று சொல்லவில்லை. அதெல்லாம் அந்த நேரத்தில் எனக்கு எங்கே உறைத்தது?

"என் மெயிலைப் படிச்சீங்களா பாய்?"

கடையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். பாய் முகம் சுருங்கிவிட்டது.

"ஊரு பாஸ்வேர்டே எங்கிட்ட கீதும்மா. வந்துதா இல்லியான்னு பாப்பேன், அத்தோட மூடிடுவேன். ஒருத்தரும் என்னை இப்படிக் கேட்டதில்ல. நீ குடுக்காததை நான் ஏம்மா தொடப்போறேன்?"

"தங்கச்சி, அவுரு இத்த கடைக்கு வர்ற எல்லாருகிட்டயும் சொல்றதுதான்" என்றார் அவர் மனைவி. "ஸ்கூல் புள்ளைங்ககிட்டகூட மனை வேணுமான்னு கேப்பாரு. அவுரைப் போயி இன்னா கேட்டுட்ட நீ?"

நான் நம்பவில்லை. மாட்டிக்கொண்டவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். என் வேலை தப்பித்தது. ஆளைப் பிடித்துவிட்டேன் என்று வெள்ளிக்கிழமை போனில் எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்துவது, எல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"திருநின்றவூர்ல இன்னா பிளாட்டு? எனக்குத் தெரியாம, அதுவும் உம்பேர்ல?"

என் ஒத்திகை எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"யாரோ சொன்னாங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லு மொதல்ல."

"யாரும் சொல்லியிருக்க முடியாதுங்க. அந்த லெட்டரை எழுதினதே நான்தான். எனக்கு அப்படி ஒரு ஃப்ரெண்டே கெடையாது."

அதற்கப்புறம்தான் உண்மை ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சைட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவர் தன் மெயிலோடு என் மெயிலையும் சேர்த்துப் போட்டு வைத்திருக்கிறார். காலையில் ஆபீஸ் திறந்து அதை ஆன் செய்தால் இரண்டையும் இழுத்துக்கொண்டு வந்து கொடுத்துவிடும். ஒரிஜினல் அங்கேயே இருக்கும், இவருக்கு நகல். எனக்கு வேண்டாம் என்று சொன்ன இரண்டாவது வழி. அவருக்கு அங்கே காலை ஒன்பது என்றால் எனக்கு இங்கே பத்தரை. வெள்ளிக்கிழமை லீவு பாய்க்கு மட்டும் இல்லை, மஸ்கட்டுக்கே உண்டு. வாராவாரம் அந்த லீவில்தான் அவர் எனக்குப் போன் செய்துகொண்டிருந்தார், அது எனக்குத் தோன்றவே இல்லை.

"நான் பாத்தா அதுல காட்டாதுன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார்.

காலையில் என் மெயிலை எட்டிப் பார்த்துவிட்டு, மத்தியானம் ஃபிங்கர் போட்டு, எட்டிப் பார்த்தது எவன் என்று என்னைக் கேட்டிருக்கிறார். தன்னைத் தானே வேவு பார்த்து, தண்டனையை எனக்குக் கொடுக்க இருந்த மனுஷன். சிரிப்பு வந்திருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. பாய் என் மெயிலைப் படித்திருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது.

மறுநாள் பாய் கடைக்குப் போனேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பாய், பாஸ்வேர்டு மாத்தறது எப்படின்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லித் தரணும்."

கையிலிருந்த பேப்பரைக் கீழே வைத்தார். அப்புறம் வந்து எந்த எழுத்தைத் தட்ட வேண்டும் என்று சொன்னார். நான் புதுப் பாஸ்வேர்டை அடிக்கும்போது, பக்கத்திலேயே நின்றவர், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி கேட்காமலேயே டீயைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஃபிங்கர் போடுகிறவர்கள் கண்ணில் படும்படி நாமே இரண்டு வரி எழுதி வைக்கவும் அந்த மிஷினில் வசதி உண்டு. அன்று நான் எழுதி வைத்தேன்: 'காலை பத்தரைக்கு நான் டூட்டியில் இருப்பேன். இனிமேல் அந்த நேரத்தில் இங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.' வீட்டுக்காரர் அதைப் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். வேலையை விடச் சொல்லும் பேச்சு அதற்கப்புறம் வரவில்லை.

அடுத்த வருஷம் லீவில் வந்தார். பெட்டியைத் திறந்தார், சோப்பு, சென்ட், பேரீச்சம்பழம் எல்லாம் எடுத்து வைத்தார். சாப்பிட்டுக் கை கழுவும்போது, சும்மா கேட்பது போல, என் பக்கம் பார்க்காமல் கேட்டார்:

"அந்தப் புதுப் பாஸ்வேர்டு இன்னா?"

"மெயில் பாக்க மூணு வழி கீதுன்னு சொன்னீங்க இல்ல? நாலாவதா ஒண்ணு கீதுங்க. 'இன்னா வந்துச்சு'ன்னு என்னைக் கேளுங்க. நானே படிச்சுக் காட்டறேன்."

அவர் துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். 'இன்னா வந்துச்சு' என்று இன்றுவரை என்னைக் கேட்டதில்லை. நான் இன்னும் அந்தக் கம்பெனியில்தான் இருக்கிறேன், பாஸ்வேர்டை அவ்வப்போது மாற்றிக்கொள்கிறேன்.