உப்புக் கரித்த சுவர்

மாமல்லபுரம் அருகே கடலைப் பார்த்த வீடு எங்களுடையது. மகளின் நிக்காஹ்வுக்காக வாசல் சுவருக்கு நானே பெயின்ட் அடித்தேன். மதுராந்தகத்தில் அம்மா வீட்டுக்கு அடித்த கை ஆயிற்றே! வாரம்கூட ஆகவில்லை, அப்பளமாய் உப்பி உரிந்தது.

“இன்னா ஜமீலா, பெயின்டரை இட்டுகினு வரட்டா?” என்று கணவர் சிரித்தார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உரிந்த இடத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். ஒரே கரிப்பு! கடல்காற்றில் படிந்த உப்பைக் கழுவாமலே அடித்திருக்கிறேன். எல்லாவற்றையும் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, பிரைமரிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

நிக்காஹ் அன்று நான் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தபோது, சுவரைத் தடவிப் பார்த்த சம்பந்தியம்மா, “யாரு பெயின்டர்?” என்றார்.

“தோ, பிரியாணி வச்சிகினு கீறாங்களே, அவங்கதான்!” என்றார் கணவர்.

இப்போதெல்லாம் சுவரை ருசி பார்க்காமல் பெயின்ட் டப்பாவைத் திறப்பதில்லை.