கூரைக் கல்லுக்குக் கூடுதல் கட்டணம்

1979 சித்திரைப் புத்தாண்டு கழிந்து நான்காம் நாள் அந்தக் கடிதம் வந்தது. எங்கள் வீட்டுக் காப்புறுதியில் தீ விபத்துக்கான கட்டுப்பணம் பழையபடியே இருக்கும்; புயல் காற்றுக்கான கட்டுப்பணம் மட்டும் இரண்டரை மடங்காகும்; ஜூன் முடிவதற்குள் கட்டாவிட்டால் அந்தப் பகுதி தானாக நீங்கிவிடும் என்று எழுதியிருந்தார்கள். காரணம் இரண்டு வரியில் இருந்தது. முந்திய நவம்பரில் கிழக்குக் கரையை அடித்த சூறாவளிக்குப் பிறகு எங்கள் பகுதியையும் புயல் பகுதியில் சேர்த்துவிட்டார்களாம்.

நான் அப்போது அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். வீடு நகரத்தை ஒட்டிய மலை விளிம்பில் இருந்தது. ஒரே சந்தில் எட்டு வீடுகள்; எங்களுடையது மூன்றாவது. அதைக் கட்டி முடிக்க எங்களுக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. 1971 ஆவணியில் குடிபுகுந்த மறுவாரமே கொஸ்லந்தைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயக் காம்பராவை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறையை, வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். தோட்டத்தின் வழக்கம் அது. வெளியேறியவனுக்குத் திரும்பிப் போக இடம் கிடையாது. ஆகவே அந்தக் கூரை போனால் எங்களுக்கு வேறு கூரை இல்லை. காப்புறுதி எடுத்ததும் அந்தப் பயத்தில்தான். எட்டு ஆண்டுகளில் ஒரு தவணைகூடத் தவறியதில்லை.

குடிவந்த நாள் முதல் காற்றைப் பற்றி ஒரு குறிப்பேடு எழுதி வந்தேன். கடலோடிகள் காற்றைப் பன்னிரண்டு படிகளாகப் பிரித்திருப்பதை நூலகத்தில் படித்திருந்தேன். எங்களுக்குக் கடல் இல்லை என்பதால் என் படிகளை நானே வகுத்துக்கொண்டேன். கொடியில் சேலை படபடத்தால் இரண்டு. தாழிட்ட படலை தானே திறந்தால் நான்கு. கோழிகள் வெளியே வர மறுத்தால் ஐந்து. முற்றத்தில் நின்று குடிக்கிற தேநீர் டம்ளரிலிருந்து பக்கவாட்டில் பறந்தால் ஏழு. எட்டுக்கு மேல் நான் முற்றத்துக்குப் போனதில்லை. அந்தக் குறிப்பேட்டின்படி எங்கள் காற்று ஆனியிலிருந்து ஆவணி வரை தென்மேற்கிலிருந்து வருவது. சூறாவளி அன்று கிழக்கிலிருந்து வந்த காற்றுக்கு நான் போட்டிருந்தது நான்கு. சேதம் என்ற இடத்தில் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தேன்.

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு மே மாதம் முதல் சனிக்கிழமை ரயிலேறிப் பதுளைக்குப் போனேன். காப்புறுதி அலுவலகத்தில் இருந்த அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். குறிப்பேட்டைப் பொறுமையாகப் புரட்டினார்.

"நீங்கள் எழுதியிருக்கிறது எல்லாம் சரிதான் மாஸ்டர். ஆனா இது உங்கட வீட்டுக் காத்து. நாங்கள் மாகாணத்துக் காத்தையெல்லோ பாக்கிறம்."

"மாகாணத்துக் காத்தா வந்து என் கூரையைத் தூக்குது?"

அவர் சிரித்தார். பிறகு ஒரு கோப்பை விரித்து என் பக்கம் திருப்பினார். "அதுவும் இல்லாம, உங்கட கூரைக்கு வேற ஒரு குறிப்பு கிடக்குது. போன வருசம் வந்த எங்கட ஆள் எழுதினது."

அதில் எங்கள் கூரையைத் தற்காலிகக் கூரை என்று வகைப்படுத்தியிருந்தார்கள். தகரத்தின் மேல் கற்கள் வைக்கப்பட்டிருப்பதால் அது முறையாகப் பொருத்தப்படவில்லை என்று தெரிகிறதாம்.

இதற்கு நான் அவருக்குச் சொன்ன விளக்கத்தை இங்கும் சொல்ல வேண்டும். லயத்துக் கூரை தோட்டத்துக்குச் சொந்தம். ஒரு தகரம் ஆடுகிறது என்றால் கணக்கப்பிள்ளையிடம் சொல்லி, அவர் துரையிடம் சொல்லி, ஆணி வருவதற்குள் காற்றுக்காலம் முடிந்துவிடும். கல்லுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதனால் வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லயமே சேர்ந்து ஓடையிலிருந்து கல் சுமந்து வந்து கூரையில் ஏற்றும். கொஸ்லந்தையில் பிறந்து பன்னிரண்டு வயதில் கொழுந்து பறிக்கப் போன என் மனைவிக்குக் கல் இல்லாத கூரை பாதி வேலையில் விட்ட கூரை. நான் சட்டத்துக்குச் சட்டம் கொக்கி ஆணி போட்டு, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து முடித்த அன்றுதான் அவள் தம்பிமாரோடு இருபத்திரண்டு கற்களைக் கொண்டுவந்து மேலே ஏற்றினாள்.

"ஆணி போட்ட கூரைக்கு மேலயா கல்?" என்றார் அதிகாரி. "அப்ப அதுகளை இறக்கிப்போட்டு எழுதித் தாங்கோ. நான் ஜூன் மாதம் நேர வந்து பாக்கிறன். நிரந்தரக் கூரை எண்டு மாத்தினா ஒண்டரை மடங்கோட போகும்."

வீடு திரும்பும் வழியில், எங்கள் சந்தின் எட்டாவது வீட்டுக்காரரைப் பார்த்தேன். பஜாரில் தகரமும் ஆணியும் விற்கிற முஸ்லிம் வியாபாரி. சந்து முழுக்க அவரை, அண்ணன் என்ற பொருளில், நானா என்றுதான் கூப்பிடும். அவர் புதிய கட்டணத்தை மறுபேச்சில்லாமல் கட்டியிருந்தார்.

"இதுக்குப் போய் ஏன் மாஸ்டர் மண்டைய ஒடைக்கிறீங்க? அவர் வார அன்னைக்கிக் கல்ல எறக்குங்க. போன பொறகு ஏத்துங்க. யாரு வந்து எண்ணப் போறது?"

எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. வீட்டில் சொன்னேன். மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"ஏங்க, நம்ம வீட்டுக் கூரையில நாம கல்லு வச்சா களவாணித்தனமா? ஒளிச்சு வைக்கிறதுக்கு இது என்ன கசிப்புச் சாராயமா?"

"ஒரு நாளைக்குத்தானே."

"லயத்துல இருந்தப்ப தொரை வாரார்னு கோழிய ஒளிச்சோம், ஆட்ட ஒளிச்சோம். சொந்த வீடு கட்டியும் ஒளிக்கணும்னா அந்தக் காம்பராவுலயே கெடந்திருக்கலாமே."

அதன் பிறகு அந்த யோசனையை நான் எடுக்கவில்லை.

ஜூன் இரண்டாம் வாரம் அதிகாரி வந்தார். காற்று என் கணக்கில் ஆறு. சந்தில் ஏறி வருவதற்குள் அவருடைய குடை இரண்டு முறை மடங்கிவிட்டது. நான் ஏணி வைத்தேன். மேலே ஏறி ஆணிகளைப் பார்த்தார். இறங்கும்போது முகம் வெளுத்திருந்தது.

"ஆணியெல்லாம் திறம் மாஸ்டர். குறை சொல்ல ஏலாது. ஆனா கல் கிடக்கும்வரை நான் நிரந்தரம் எண்டு எழுத ஏலாது. இப்பவே இறக்குவியளெண்டா இப்பவே கையெழுத்துப் போடுறன்."

மனைவி தேநீர் கொண்டுவந்து நீட்டினாள். "எறக்குறோம்ங்க ஐயா. ஆனா ஒண்ணு. கல்ல எறக்குனா அந்த எடத்துல நீங்க ஏறி உக்காந்துக்கணும். ஆவணி மாசம் வரைக்கும். சாப்பாடு நான் குடுத்துர்றேன்."

அவர் சிரித்ததில் தேநீர் சட்டையில் சிந்தியது. அந்த மனிதர் மேல் எனக்கு இன்றும் கோபமில்லை. இரண்டரை மடங்கு கட்டப் போவதில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். போகும்போது அவர் வாசலில் நின்று ஒன்று கேட்டார். அதை அன்றே எழுதி வைத்தேன்.

"காப்புறுதி இல்லாம என்ன செய்யப் போறியள்?"

"சந்துல எட்டு வீடு இருக்கு. ஒருத்தர் கூரை போனா மத்த ஏழு வீடும் வரும். லயத்துல அப்பிடித்தான்," என்றேன்.

"நல்லது. எட்டு வீடும் ஒரே நாள்ல போனா?"

அது நியாயமான கேள்வி. இன்றுவரை அதற்குச் சரியான விடை எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் மனைவி உடனே சொன்னாள்: "அப்ப எட்டு வீட்டுக்காரங்களும் வேலை வெட்டி இல்லாமத்தானே இருப்போம். ஒரு ஓரத்துல இருந்து ஆரம்பிச்சிட்டா போச்சு."

ஜூன் கடைசி நாளில் தீக்கு மட்டும் கட்டினேன். படிவத்தில் புயல் காற்று என்ற வரியை நானே கோடு போட்டு அடித்தேன். எட்டு ஆண்டுகள் கட்டியதில் ஒரு சதம்கூடத் திரும்பி வரப்போவதில்லை.

சந்தில் பேசி முடிவு செய்ய ஒரு மாலை போதுமானதாக இருந்தது. வீட்டுக்கு இரண்டு தகரமும் ஒரு பிடி கொக்கி ஆணியும் எப்போதும் தனியாக எடுத்து வைப்பது. கூரை போன வீட்டுக்கு, கேட்காமலேயே எல்லா வீட்டிலிருந்தும் ஓர் ஆள் போவது. நானா மட்டும் கைகட்டி நின்றார். "எனக்கு ஆபிசு இருக்கு. நீங்க நடத்துங்க," என்றார்.

ஜூலை மூன்றாம் வாரம் முதலில் போனது அவருடைய கூரைதான். ஐந்து தகரங்கள் கிளம்பிச் சரிவில் தேயிலைக்குள் விழுந்தன. நாங்கள் ஏணியோடு போய் நின்றோம். நானா கையை நீட்டித் தடுத்தார்.

"ஏற வேணாம், ஏற வேணாம்! ஆபிசுல வந்து பாக்குற வரைக்கும் ஒண்ணையும் தொடக் கூடாதாம். போன் போட்டுக் கேட்டுட்டேன்."

"எப்ப வாராங்களாம்?"

"வருவாங்க."

மூன்று நாட்கள் மழை வீட்டுக்குள் பெய்தது. அவர் மனைவியும் பிள்ளைகளும் எங்கள் வீட்டில் தங்கினார்கள். நானா மட்டும் சமையலறை மூலையில் குடை பிடித்துக்கொண்டு தன் சாமான்களுக்குக் காவல் இருந்தார். நான்காம் நாள் காலையில் சந்தில் இறங்கி வந்தார். மழைத் தண்ணீர் தாடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், ஏணியத் தூக்குங்க. அவங்க வந்து என்ட எலும்பப் பாத்துட்டுப் போகட்டும்."

"ஆபிசுல கோவிச்சுக்கப் போறாங்க நானா," என்றாள் என் மனைவி.

"நீங்க வேற தங்கச்சி, வெந்த புண்ணுல..."

மதியத்துக்குள் முடித்தோம். அலுவலகத்திலிருந்து ஆறாம் நாள் வந்தார்கள். சேதத்தைப் பார்க்க முடியாதபடி பழுது பார்த்துவிட்டதாக எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டு ஒரு பகுதிப் பணம் அவருக்குக் கிடைத்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் முறை ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி வந்தது. வியாழக்கிழமை, காலை பத்து மணி. நான் பாடசாலையில் இருந்தேன். பெரிய வகுப்பு மாணவி ஒருத்தி ஓடிவந்து சொன்னாள். மேட்டில் ஏறி வருகிற முக்கால் மணி நேரமும் நான் நினைத்தது ஒன்றுதான்: என் பிடிவாதத்துக்கு மனைவியும் பிள்ளைகளும் கூரையில்லாமல் நிற்கிறார்கள்.

சமையலறைப் பக்கம் நான்கு தகரங்கள் போயிருந்தன. ஒரு சட்டமும் பிளந்திருந்தது. ஆணி போட்ட தகரம், கல் வைத்த தகரம், இரண்டுமே போயிருந்தன. காற்று எங்கள் இருவர் பேச்சையும் கேட்கவில்லை. ஒரு கல் உள்ளே விழுந்து பானையை நொறுக்கியிருந்தது. நல்லவேளை, மனைவி அப்போது குழாயடியில் இருந்தாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மேலே ஐந்து பேர் இருந்தார்கள். கீழே நானா கடையைப் பூட்டிவிட்டு வந்து சட்டத்தை அளந்துகொண்டிருந்தார்.

"என்ன மாஸ்டர், இவ்வளவு மெதுவா வாரீங்க? ஊட்டுக்காரர் வார வரைக்கும் தொடக் கூடாதோன்னு பயந்துட்டோம்."

மேலே இருந்தவர்கள் தகரம் அதிரச் சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டு அடுப்பில் எட்டு வீட்டுக்கும் சேர்த்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "ஏணியப் புடிங்க, போங்க," என்றாள்.

நான்கு மணிக்குக் கூரை மூடியாயிற்று. நான்கரைக்கு மழை வந்தது. சமையலறைக்குள் எல்லோரும் நெருக்கியடித்து நின்று ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்த்தோம். ஓர் இடத்தில் ஒழுகியது. நானா அதைத் தன் விரலால் அடைத்துக்கொண்டு, தாருக்கு ஆள் அனுப்பினார்.

மறு சித்திரையிலும் புதிய கட்டணத்தோடு கடிதம் வந்தது. 1980 ஜூனில் தீக்கு மட்டும் கட்டினேன். 1981-இலும் அப்படியே.