எடை மெஷின் அனுப்பிய செய்தி

என் மருமகள் பார்சல் அலுவலகம் ஒன்றுக்குப் புரோகிராம் எழுதுகிறவள். பதினோரு மாதமாகத் தற்காலிகம். அங்குள்ள எடை மெஷினை யு.எஸ்.பி. கேபிள் வழியாகக் கணினியோடு பேச வைத்துத் திங்கட்கிழமை காட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வேறு ஆள். மெஷினை வீட்டுக்கே தூக்கி வந்து, செவ்வாய் காலை 9.10க்கு உட்கார்ந்தாள்.

யு.எஸ்.பி.யில் ஒரு மரியாதை உண்டு. கேபிளைச் செருகியதும் கணினி 'நீ யார்' என்று கேட்கும். தயாரித்தவர் யார், தான் என்ன வகை என்று சாதனம் பதில் சொல்லும். அந்தப் பதிலைப் படித்துவிட்டுத்தான் புரோகிராம் எழுத வேண்டும். இவளுக்கு அவசரம்.

"எடை மெஷின்னு கண்ணுக்கே தெரியுதே மாமா. இதைப் போய் யாருன்னு கேக்கணுமா?"

நான்கு நாள் தன் கைப்பையை மெஷின் மேல் வைத்து வைத்துப் பார்த்தும் புரோகிராமுக்கு ஒரு கிராம்கூட வந்து சேரவில்லை. எழுதிய வரிகளுக்கு நடுவில் மட்டும் அவ்வப்போது 1.200 என்று முளைத்தது. விரல் பட்டிருக்கும் என்று அழித்தாள். ஏழு முறை.

வெள்ளி மாலை 4.25. மனம் தளர்ந்து, அதே கணினியிலிருந்து மேனேஜருக்குச் செய்தி தட்டினாள்: "சார், எடை மெஷின் வேலை என்னால்". அந்நேரம் பார்த்து என் மனைவி உருளைக்கிழங்குப் பையை மெஷின் மேல் வைத்தாள்.

"மூணு கிலோன்னு சத்தியம் பண்ணான் கடைக்காரன். பாத்துடுவோம்."

செய்தியில் தானாக 2.860 விழுந்தது; அந்த வேகத்தில் செய்தியும் போய்விட்டது.

"அத்தை, என்ன செஞ்சீங்க?"

"நான் என்ன செஞ்சேன்? நூத்தி நாப்பது கிராமை அவன்ல முழுங்கியிருக்கான்."

மேனேஜரின் பதில் 4.27க்கு வந்தது: "எடை வந்துடுச்சே! திங்கள் பத்து மணிக்கு எல்லார் முன்னாடியும் காட்டிடு."

இனிப் பின்வாங்க வழியில்லை. அப்போதுதான் மெஷினின் பதிலை எடுத்துப் படித்தாள். முதல் நாளிலிருந்தே அது சொல்லிக்கொண்டிருந்தது: நான் ஒரு கீபோர்டு. கணினியும் அதை நம்பி, எடையை எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அங்கே தட்டவிட்டு, முடிவில் என்டரும் போடவிட்டது.

மெஷினைக் கணினியின் பிடியிலிருந்து விடுவித்துத் தன் புரோகிராமிடம் ஒப்படைக்க ஞாயிறு மதியம் ஆனது.

திங்கட்கிழமை நடந்ததை அவளே வந்து சொன்னாள். மேனேஜர் உற்சாகத்தில் தானே மெஷின் மேல் ஏறி நின்றாராம். பெரிய திரையில் பதிவானது: பார்சல் எண் 1, எடை 97.400. அலுவலகமே பார்த்தது.

"வேலை உனக்குத்தாம்மா," என்றார் அவர், இறங்காமலே. "முதல்ல அதை அழி."

"அழிக்கிற வசதி இன்னும் எழுதல சார்."