‘குருடன் வந்தது’ என்று நான் எழுதிய இலக்கணம்

1. வேலையில் சேர்ந்த நாள்

ஆரணியில் பட்டுத் தறிக் குடும்பத்தில் பிறந்தவன் நான். மிஷன் பள்ளியில் படித்தேன். இங்கிலீஷ் கையெழுத்து நன்றாக இருந்த ஒரே காரணத்தால் பாதிரியார் பங்களாவில் ரைட்டர் வேலை கிடைத்தது. முதல் நாள் காலையில் பாதிரியார் ஒரு கட்டுக் காகிதத்தை என் மேஜைமேல் வைத்தார். “இது சுவாஹிலி இலக்கணம். ஃபேர் காப்பி எடுக்க வேண்டும்” என்றார். சுவாஹிலி என்பது ஊரா, ஆளா என்றுகூட அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அது ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் பேசும் மொழி. பாதிரியார் அங்கே ஆறு மாதம் இருந்தவர். காய்ச்சல் விடாமல் அடித்ததால் இங்கே மாற்றிவிட்டார்கள். அந்தக் கரைக்குப் புதிதாகப் போகும் இளம் பாதிரிமார்கள் படிக்க அவர் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். ஆறு மாதத்தில் கற்றதை வைத்து யாரும் இலக்கணம் எழுத முடியாது. அவர் எழுதியதெல்லாம் சலாமா சொன்னது.

சலாமா அந்த பங்களாவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். சிறுமியாக இருந்தபோது அந்தக் கரையில் அவரைப் பிடித்து விற்றிருக்கிறார்கள். அடிமைகளை ஏற்றி வந்த படகை இங்கிலீஷ் கப்பல் மடக்கியபோது தப்பி, பம்பாய்ப் பக்கத்து மிஷன் விடுதியில் வளர்ந்தார். நான் வேலைக்கு வந்தபோது அவர் ஆரணிக்கு வந்து பல வருஷம் ஆகியிருந்தது. சந்தையில் பேரம் பேசினால் இந்த ஊரில் பிறந்தவர் என்றே நினைப்பார்கள். ஏறக்குறைய என் வயதுதான்.

2. சிவப்பு இங்கி

சுவாஹிலியில் எனக்கு முதலில் பிடிபட்டது இதுதான். நாம் ‘வந்தான்’, ‘வந்தது’ என்று கடைசியில் வைக்கும் ‘ஆன்’, ‘அது’வை அவர்கள் முதலில் வைக்கிறார்கள். ஆள் வந்தால் ‘அமெக்கூஜா’. ‘கி’ என்று பெயர் தொடங்கும் பொருள் ஒன்று வந்தால் ‘கிமெக்கூஜா’. நாற்காலிக்கு ‘கீத்தி’ என்று பெயர், ஆகவே அதற்குக் ‘கி’. பாதிரியார் இதைப் பெரிய டேபிளாகப் போட்டிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சிக்கல் ‘கிப்போஃபு’ என்ற சொல்லில் வந்தது. கண் தெரியாதவர் என்று பொருள். சொல் ‘கி’யில் தொடங்குகிறது. டேபிள்படி ‘கிப்போஃபு கிமெக்கூஜா’ என்று வர வேண்டும். சலாமா ‘கிப்போஃபு அமெக்கூஜா’ என்றார். அவர் சொல்வதை டிராஃப்டில் குறிப்பதும் என் வேலை; அப்படியே எழுதினேன். பாதிரியார் சிவப்பு இங்கியால் அடித்தார்.

“துரைங்களே, அப்டி சொல்லக்கூடாதுங்க” என்றார் சலாமா. “நாற்காலிக்கு ‘கி’ போடலாம். மன்சனுக்குப் போட்டா அது ஏச்சுங்க.”

“விதி என்பது விதி. உனக்கு உன் மொழியின் இலக்கணம் தெரியாது” என்றார் பாதிரியார்.

எனக்குச் சுரீர் என்றது. ‘குருடன் வந்தது’ என்று தமிழில் எழுதச் சொன்னால் எந்தப் பிள்ளையும் சிரிக்கும். அதையே அந்த மொழியில் எழுதச் சொல்லுகிறார், அதுவும் அந்த மொழிக்காரரை எதிரில் நிற்க வைத்துக்கொண்டு.

அவர் உள்ளே போன பிறகு சலாமா என் மேஜையருகே வந்தார். “ரைட்டரே, என்னெ வித்தவன் இருந்தானே, அவன் எங்களெ ஆடு மாடாட்டம் ஓட்டிகினு போனவன். அவன்கூட என்னெப் பத்தி பேசறப்போ ‘கி’ போடலீங்க. ‘அ’தான் போட்டான். பாஷ அவனெ வுடல. இவுரு ஏன் போடறாரு?”

அவர் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். பாதிரியார் சொன்னபடியே ஃபேர் காப்பியில் ‘கி’ என்று எழுதினேன். இதை எழுதும்போதும் எனக்கு என்மேல்தான் முதலில் ஆத்திரம் வருகிறது.

3. கரையிலிருந்து வந்த கடிதம்

புத்தகம் சென்னையில் அச்சாகிக் கப்பலேறியது. சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அங்கே ஓர் இளம் பாதிரியார், பைபிளில் கண் தெரியாதவர் பார்வை பெற்ற கதையை இந்தப் புத்தகத்தை நம்பி மொழிபெயர்த்துச் சபையில் வாசித்திருக்கிறார். கூட்டம் சிரித்திருக்கிறது. முன்வரிசையில் கண் தெரியாத பெரியவர் ஒருவர் இருந்திருக்கிறார். தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து, கோலை ஊன்றி எழுந்து வெளியே போய்விட்டாராம்.

பாதிரியார் சலாமாவை வராந்தாவுக்கு வரச்சொன்னார். நானும் பள்ளி வாத்தியார்களும் நின்றுகொண்டிருந்தோம்.

“நீ எனக்குத் தவறாகச் சொல்லிக் கொடுத்தாய். ஏன் பொய் சொன்னாய்?”

சலாமா அவரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு சும்மா நிற்க என்னால் முடியவில்லை. அலமாரியிலிருந்த டிராஃப்ட் கட்டை எடுத்து வந்து, அந்தப் பக்கத்தைப் பிரித்துப் பாதிரியார் முன்னால் வைத்தேன். சலாமா சொன்னது என் கறுப்பு இங்கியில் இருந்தது. அதன்மேல் பாதிரியாருடைய சிவப்புக் கோடு.

“ரைட்டர், உன் வேலை எழுதுவது” என்றார். முகம் இங்கியைப் போலவே சிவந்திருந்தது.

“எழுதனதத்தான் காட்டறேங்க” என்றேன்.

சலாமா சொன்னார்: “வேலைய வுட்டுப் போவச் சொல்லுங்க, போறேன். பொய் சொன்னவள்னு பேர் வாங்கிகினு போவமாட்டேன். இத்தினி பேர் முன்னால சொன்னீங்க. இத்தினி பேர் முன்னால இல்லேன்னு சொல்லுங்க.”

பாதிரியார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாத்தியார்கள் தரையைப் பார்த்தபடி கலைந்தார்கள். அந்த வாரமே சலாமா வந்தவாசியிலிருந்த பெண்பிள்ளைகள் விடுதிக்கு வேலைக்குப் போய்விட்டார். எனக்கு மாதக் கடைசியில் சீட்டுக் கிழிந்தது. பிறகு ஒரு சின்னப் பள்ளியில் வாத்தியார் வேலை தேடிக்கொண்டேன்.

4. இரண்டாம் பதிப்பு

சில வருஷம் கழித்து அந்தப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு என் கைக்கு வந்தது. சொல் எந்த எழுத்தில் தொடங்கினாலும், உயிருள்ளது என்றால் ஆளுக்கு உரிய முன்னொட்டே வரும் என்று திருத்தியிருந்தார்கள். ‘நூலாசிரியர் நீண்ட ஆராய்ச்சியால் கண்டறிந்த நுட்பம்’ என்று அடியில் குறிப்பு. சலாமாவின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

வந்தவாசிக்குப் போய் அவரிடம் பக்கத்தைக் காட்டினேன். “உங்க பேரப் போடலீங்களே” என்று கொதித்தேன்.

“என் பேர் கெடக்கட்டும் ரைட்டரே” என்றார் அவர். “கோலெ ஊனிகினு எழுந்து போனாரே ஒருத்தரு, அவருகிட்ட யாராவது போய் மன்னிப்பு கேட்டாங்களா?”

அத்தனை வருஷமாகக் கோபப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கேள்வி ஒரு நாளும் தோன்றவில்லை.

மொழி ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். ஒருவர் தன் மொழியைப் பற்றி “நாங்க அப்டி சொல்லமாட்டோம்” என்றால், உங்கள் டேபிளை அடியுங்கள். அவரை அடிக்காதீர்கள். அடிக்கச் சொல்கிறவர் உங்களுக்குச் சம்பளம் கொடுப்பவராக இருந்தால், பேனாவைக் கீழே வையுங்கள். நான் வைத்திருக்க வேண்டும்.