வேப்பிலை காணாமல் போன தெரு

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே, உடம்பு சரியில்லையா என்று சில வாசகர்கள் கார்டு போட்டிருக்கிறார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது, வீட்டிலிருந்து ஒரு காகிதம்கூட வெளியே போகக் கூடாது என்று எங்கள் பகுதி ஹெல்த் இன்ஸ்பெக்டர் உத்தரவு போட்டுவிட்டார். அதற்குக் காரணம், இதே பத்தியில் நான் எழுதிய நாலு வரி!

பெங்களூரில் இந்த வருஷம் பெரியம்மை கொஞ்சம் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். நான் இருப்பது பிரேசர் டவுனில். எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக லைன் வீடுகள். கூலி வேலை, வீட்டு வேலை செய்கிற தமிழ் ஜனங்கள். அத்தனை வீட்டுக்கும் ஒரே குழாய். அங்கே யார் வீட்டிலாவது அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை தொங்கும்.

எனக்குச் சும்மா இருக்க முடியுமா? பேனாவை எடுத்தேன். ‘சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகிறது, இன்னும் வேப்பிலையா?’ என்று கேட்டேன். கேட்டதோடு விட்டிருக்கலாம். ‘ஒரு விதத்தில் நல்லதுதான் — இலை தொங்கும் வாசலைப் பார்த்துக்கொண்டே போனால், ஹெல்த் இலாகாவுக்கு நோயாளியைத் தேடும் வேலை மிச்சம்’ என்று ஒரு கிண்டலும் சேர்த்தேன்.

எங்கள் இன்ஸ்பெக்டர் கன்னடக்காரர். ஆனால் தமிழ் நன்றாகப் படிப்பார். நான் கிண்டலாக எழுதியதை அவர் யோசனையாக எடுத்துக்கொண்டார். மறுநாளே லைன் வீடுகளுக்குள் நடந்து போய், இலை தொங்கிய மூன்று வீடுகளைப் பிடித்தார். மூன்று நோயாளிகளையும் வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே புதிதாகப் போட்டிருந்த தகரக் கொட்டகை காம்புக்கு அனுப்பினார்.

ஒரு வாரம் கழித்து என் வீட்டுக்கே வந்து கை குலுக்கினார்.

“சார், நம்ம ஏரியா கிளீன்! ஒரு வாசல்லயும் இலை இல்ல. உங்க ஐடியாதான் சார்.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டு அவருக்குக் காபி கொடுக்கச் சொன்னேன். எழுத்தின் வலிமை என்றெல்லாம் அன்றைக்கு மனைவியிடம் பேசினேன் என்று நினைக்கிறேன்... அதை விடுங்கள்.

இப்போது ராஜம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே லைனில் இருப்பவள். புருஷன் இல்லை; செல்வி என்று நாலு வயதில் ஒரே பெண். எங்கள் வீட்டில் ஐந்தாறு வருஷமாக வேலை செய்கிறாள். என் மகள் வசந்தா பிரசவத்துக்கு வந்து, பையன் பிறந்த பிறகு, குழந்தையைக் குளிப்பாட்டுவதும் ராஜம்மாதான். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை முழங்காலில் குப்புறப் போட்டு, பதமான வெந்நீர் ஊற்றி... அந்தக் கைப்பக்குவம் எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் வரவில்லை.

குழந்தைக்கு இருபத்தைந்தாம் நாள். குளிப்பாட்டி முடித்து ராஜம்மா எழுந்தபோது, என் மனைவி அவள் புடவை முந்தானையைப் பார்த்தாள். மஞ்சளும் பச்சையுமாகக் கறை. அரைத்த வேப்பிலை.

“ராஜம்மா, என்ன இது?”

அவள் குழந்தையை வசந்தாவிடம் கொடுத்துவிட்டு, கொல்லைப்புறப் படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் போய்க் கேட்டேன்.

“செல்விக்கு முத்து போட்டிருக்குதுங்கய்யா. இன்னிக்கு அஞ்சாம் நாளு.”

எனக்கு வந்த கோபத்தை மறைக்கப் போவதில்லை. கத்தினேன். இன்னும் அம்மை குத்தாத பச்சைக் குழந்தை. ஐந்து நாளாக இவள் மடியில்!

“ஏன் வந்தாய்? வீட்டிலேயே இருந்திருக்கலாம் அல்லவா?”

“வரலேன்னா ஏன் வரலேன்னு கேப்பாங்களேய்யா. முன்னெல்லாம் எல கட்டிட்டா அத்தோட செரி. யாரும் வேலைக்குக் கூப்ட மாட்டாங்க, நாங்களும் வாசப்படி தாண்ட மாட்டோம். பக்கத்து வூட்டுக்காரங்களே கொடத்த ரொப்பி வாசல்ல வெச்சுட்டுப் போவாங்க. கஞ்சியும் அப்படித்தான். இப்ப எல கட்டுனா வண்டி வந்துரும். அதனால யாரும் கட்றதில்ல. கொழாய்க்கு நானேதான் போறேன். எல்லார் கொடத்தோடயும் என் கொடமும் இடிக்குது. யார் யார் வூட்ல கீதுன்னு யாருக்குமே தெரியாது.”

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். தலையெழுத்தே என்று தலையில் கை வைத்துக்கொண்டு. தெருவில் இலை போய்விட்டது என்று காபி கொடுத்தேனே... போனது இலை மட்டும்தான். நோய் இருக்கிற வீடு இது, நெருங்காதே என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே போர்டை, படித்த மனிதன் நான் பிடுங்கிப் போட்டிருக்கிறேன்.

“செல்வியை காம்புக்கு அனுப்பியிருந்தால்தான் என்ன? வைத்தியம் பார்ப்பார்களே?”

ராஜம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னை உள்ள வுட மாட்டாங்கய்யா. புள்ளைக்கு மூஞ்சியெல்லாம் வீங்கி, கண்ணு தொறக்க முடியாம கெடக்குது. என் கைய வுட்டா அழுவுது. ராவுல தண்ணி கேட்டா யாருய்யா குடுப்பாங்க?”

அந்தக் கேள்வியை நான் எழுதுவதற்கு முன்பே யாரையாவது கேட்டிருக்க வேண்டும் என்று வெட்கமாக இருந்தது.

அன்று பகலில் தெருவில் போன இன்ஸ்பெக்டரை, வாசல் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. உடனே ஆளை வரவழைத்து, குழந்தைக்கும் எங்கள் எல்லோருக்கும் அம்மை குத்தச் செய்தார். பதினாறு நாள் யாரும் வாசல் தாண்டக் கூடாது என்றார். சரி என்றேன். பிறகு கேட்டேன்.

“காம்பில் ராத்திரி தண்ணீர் கொடுக்க யார் இருக்கிறார்கள்?”

“ஒரு ஆயா இருக்கா சார்.”

“எல்லோருக்கும் சேர்த்தா?”

“ஏனு மாடோது சார்... என்ன செய்யறது, ரூல் அப்படி. கூட ஆளை விட்டா அவங்களுக்கும் ஒட்டிக்கும்.”

“ராஜம்மா முகத்தைப் பாருங்கள். சின்ன வயதிலேயே அம்மை போட்ட தழும்பு. அவளுக்கு இனிமேல் எங்கே ஒட்டப் போகிறது? பெற்ற தாயை விட்டால் உங்களுக்குச் சம்பளமில்லாமல் இன்னொரு ஆயா கிடைப்பாள்.”

அவர் நேரே காம்புக்குக் கிளம்பினார். நல்ல மனிதர், குழந்தை குட்டிக்காரர். காம்பு டாக்டரிடம் போய் என்ன பேசினாரோ, சாயங்காலம் வண்டி வந்தபோது செல்வியோடு ராஜம்மாவும் ஏறினாள். மகளைப் போர்த்தி மடியில் போட்டுக்கொண்டு, லைன் ஜனங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, வண்டியில் போனாள்.

மறுநாள் காலையில் நடந்ததை இன்ஸ்பெக்டர்தான் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார். வீட்டில் அம்மை போட்டிருப்பதை மறைத்து வைத்திருந்த நாலு பெண்கள் லைனிலிருந்து தாங்களாகவே அவரைத் தேடி வந்தார்களாம். நாலு பேருக்கும் ஒரே கேள்வி — “கூட நாங்களும் வரலாமா?”

எங்கள் வீட்டில் அந்தப் பதினாறு நாள் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். விடிந்ததும் வசந்தா குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஒரு கொசுக்கடிக்கு நாங்கள் எல்லோரும் அழுதோம். அம்மை குத்திய இடம் பழுத்து, இரண்டு நாள் காய்ச்சல் அடித்து, அடங்கியது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கடவுளுக்கு நன்றி, இன்ஸ்பெக்டருக்கும்.

முந்தாநாள் ராஜம்மா வந்தாள். செல்விக்குப் பொருக்கெல்லாம் உதிர்ந்துவிட்டது. முகத்தில் தழும்பு நிற்கும், ஆனால் கண் தப்பித்தது. உள்ளே வரலாமா என்று தயங்கி, கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். என் மனைவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வசந்தாதான் வெந்நீர் எடுத்து வைத்துவிட்டு, “வா ராஜம்மா, உன் கை இல்லாமல் இவன் தூங்கவே மாட்டேங்கறான்” என்றாள்.

இந்த வாரப் பத்தியை எழுதியதும், அச்சுக்கு அனுப்புவதற்கு முன், முதல் தடவையாக ஒரு காரியம் செய்தேன். ராஜம்மாவை உட்கார வைத்து முழுவதும் படித்துக் காட்டினேன். உன் பெயரைப் போடட்டுமா என்றும் கேட்டேன். போடுங்க என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள்.

“எல்லாம் செரிதாங்கய்யா. அங்க எங்களுக்குப் படுக்க ஒரு பாயி கூட இல்லீங்களே, வெறும் மண்ணுலதான கெடந்தோம்... அத எழுதலியே நீங்க?”

எழுதிவிட்டேன், ராஜம்மா.